ஒரிஜினல் டேங்க் மூடி

எங்கள் சந்தில் ஒரு வீட்டுப் பூஜை அறையில் டீசல் டேங்க் இருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். எதிர்வீடு என்பதால் நான் கண்ணால் பார்த்தேன். வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, தெருவே எழுந்து உட்காரும்படி மணியும் ஆட்டினால் பார்க்காமல் எப்படி இருப்பது? முருகன் படத்துக்கும் மகாலட்சுமி படத்துக்கும் நடுவில், வாழை இலை மேல், சாமந்திச் சரத்தைச் சுற்றிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. தசரதன் அதற்குக் கற்பூரம் காட்டினார். அவர் மனைவி திரௌபதி மணியை ஆட்டினாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், வாக்கப்பட்ட இடம் அப்படி.

தசரதனிடம் இருந்தது ஒரு பழைய பிக்கப் வண்டி. ஜில்லாவை இரண்டாகப் பிரித்தபோது, வேலூரிலிருந்து ஏதோ ஓர் ஆபீசின் மேஜை நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வந்து, திரும்பிப் போகத் தெம்பில்லாமல் திருவண்ணாமலையிலேயே தங்கிவிட்ட வண்டி. சில வருஷம் அந்த ஆபீஸ் வேப்பமரத்தடியில் காக்கைகளுக்குப் பயன்பட்டது. அப்புறம் ஏலம் போட்டார்கள். ஏலத்துக்கு வந்தவர்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். தசரதன் மட்டும் நின்றார். வண்டி அவருடையதாயிற்று. அந்த மாடல் செய்வதைக் கம்பெனியே எப்போதோ நிறுத்திவிட்டது என்று மெக்கானிக் சொன்னபோது, "நிறுத்தினா இன்னா? அப்புறம் இந்த மாதிரி இரும்பு எவன் போடறான்?" என்று அவனுக்கே பாடம் எடுத்தார்.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைக்காதவர்கள் யாரும் இல்லை. தசரதன் வாராவாரம் வெள்ளிக்கிழமை வைத்தார். ஸ்டியரிங், விளக்கு, நாலு சக்கரம், கதவுப் பிடி, ஹாரன், ஒன்றையும் விட மாட்டார். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய பொட்டு டேங்க் மூடிக்கு. வண்டியின் பக்கவாட்டில் அது வட்டமாக, வழுக்கை விழுந்த நெற்றி மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். டீசல் இறங்கும் இடம், லட்சுமி நுழையும் வாசல் என்று அவருக்கு ஒரு கணக்கு. சந்தனத்தைக் களிபோலக் குழைத்து, ரூபாய்க் காசு அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமத்தைக் கட்டை விரலால் அழுத்துவார். வெயிலில் அது காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகிவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை அதன் மேலேயே இன்னொரு பூச்சு.

வண்டி நிற்க ஆரம்பித்தது. முதல் தடவை கீழ்பென்னாத்தூர் ரோட்டில், மணிலாக் கொட்டை மூட்டைகளோடு. கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், அப்புறம் க்ஷயரோகக்காரன் மாதிரி இருமும், நின்றுவிடும். தசரதன் இறங்கி, டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். திறக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். "வண்டி பெருமூச்சு விடுது, பாவம்" என்பார். மூடுவார், டீசலை இழுத்துவிடும் கை பம்ப்பை நாலு அடி அடிப்பார், கிளம்பும். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இருமல்.

"டேங்க்கிலேர்ந்து டீசல் சரியா வரலீங்க" என்றான் மெக்கானிக். அதற்கு மேல் அவனைப் பேசவிட்டால்தானே? அன்றிலிருந்து தசரதன் டேங்க் சாமான் தேடிப் புறப்பட்டார்.

முதலில் டேங்க்கிலிருந்து போகும் குழாயை மாற்றினார். அப்புறம், டேங்க்குக்குள் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மிதவையை மாற்றினார். அளவு காட்டும் மிதவைக்கும் வண்டி நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட மெக்கானிக்கை, "உனுக்குத் தொழில் தெரியலை" என்று கை கழுவினார். அந்த மிதவைக்காக ஆரணி, வேலூர், ராணிப்பேட்டை என்று பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கினார். கிடைத்தது வேறு வண்டியுடையது. அதைப் போட்டபிறகு, டேங்க் காலியாக இருந்தாலும் முள் பாதியைக் காட்டியது. அதில் அவருக்கு ஒரு திருப்தி.

அடுத்து மூடி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மதார் சாகிப் பழைய வண்டிச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் மனைவி சாயிரா பானுவும் நானும் ஒரே இடத்தில் ரேஷன் வாங்குகிறவர்கள். அதனால் கடையில் நடந்தது எதுவும் என் காதுக்கு வராமல் போகாது. மதார் சாகிப் மூட்டை மூட்டையாகக் கொட்டித் தேடி, அந்த மாடலுக்குப் பொருந்தும் மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கடை வாசலிலேயே மாட்டி, சனிக்கிழமையிலிருந்து வண்டி ஜோராக ஓடியது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கிளம்பியது, பெரிய ஆஸ்பத்திரி தாண்டவில்லை.

தசரதன் மூடியைக் கழற்றிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார்.

"பாய், இது டூப்ளிகேட்!"

"ஒரு வாரம் நல்லா ஓடுச்சுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

"டூப்ளிகேட்டுன்னா அப்டித்தான். நாலு நாள் நடிக்கும்."

"மூடி எப்டிங்க நடிக்கும்?"

"உங்க கடை மூடி நடிக்குதே!"

மதார் சாகிப் மூடியைத் திருப்பிப் பார்த்தார். "இம்மாம் பெரிய பொட்டு வெச்சிக் கொண்டாந்துட்டீங்க. இதைச் சுரண்டினா சாமி குத்தம்னு நீங்களே சண்டைக்கு வருவீங்க. இனிமே நான் யாருக்கு விக்கிறது?" என்று சொல்லி ஆணியில் மாட்டிவிட்டு, வேறொன்று எடுத்துக் கொடுத்தார். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான் தாங்கியது. மூன்றாவதும் பொட்டோடு திரும்பி வந்தபோது, ஆணி வரிசையைப் பார்த்துவிட்டு ஒரு வாடிக்கையாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். சாயிரா பானு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வண்டி நிற்க நிற்க தசரதனுக்குத் திருஷ்டி என்ற சந்தேகம் வலுத்தது. சந்தேகம் வலுத்ததும் பொட்டும் தடித்தது.

இதெல்லாம் போகட்டும். பௌர்ணமிக்கு நின்றதுதான் பெரிய விஷயம். ரைஸ் மில் அப்பாசாமி மாதாமாதம் பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் அன்னதானம் போடுகிறவர். சோறு ஆவது டவுனில் அவர் மில்லில். மலையைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தசரதன் வண்டி. அங்கே கட்டும் பேனரில் அப்பாசாமியின் மூன்று தலைமுறைப் பெயருக்கும் அடியில், கடைசி வரியில், 'வாகன உதவி: தசரதன்' என்று இருக்கும். அந்த ஒரு வரிக்காக மனிதர் மாதம் முழுவதும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பேனரைக் கழற்றியதும் வாங்கி வந்து வண்டி மேல் படுதாவாகப் போர்த்துவார். பெயர் தெருப்பக்கம் தெரியும்படி.

பங்குனிப் பௌர்ணமியன்று வண்டி கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்துக்கு முன்னால் நின்றது. மூடியைத் திறந்து, மூடி, பம்ப் அடித்து, மறுபடி நின்று, அது போய்ச் சேர்வதற்குள் சாதம் கட்டி தட்டிப் போயிற்று. மறுநாள் அப்பாசாமியே எங்கள் சந்துக்கு வந்துவிட்டார்.

"சனங்க மலை சுத்திட்டுப் பசியோட வந்து நிக்குது. நீ நடு ரோட்டுல நின்னுக்கினு டேங்க்கை எட்டிப் பாத்துனு இருக்கே. சித்ரா பௌர்ணமிக்கும் நின்னுச்சுன்னா, அதோட சரி. அப்புறம் சோறு உன் மச்சான் வண்டியிலதான் போவும்."

மச்சான் என்றது திரௌபதியின் தம்பி சகாதேவனை. புதிதாக மூன்று சக்கர லோடு வண்டி வாங்கியிருந்தான். பேனரின் கடைசி வரி மேல் அவனுக்கும் ஒரு கண். தசரதனின் வண்டி எங்கே நிற்கிறது என்ற சேதி, மெக்கானிக்குக்குப் போவதற்கு முன்னால் அவனுக்குப் போய்விடும்.

அன்றைக்கே தசரதன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். டேங்க்கின் ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கியிருந்தது, உறிஞ்சி முடித்த பால் பாக்கெட் மாதிரி.

"உன் தம்பி உதைச்சிருக்கான்" என்றார் திரௌபதியிடம்.

"அவன் செருப்பு சைஸ் ஏழு. இவ்ளோ பெரிய ஒடுக்கு எப்டி வுழும்?" என்றாள் அவள்.

கேட்டால்தானே? புது டேங்க்குக்காக மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறினார். வண்டிகளைக் குடல் குடலாக உருவிப் போட்டிருக்கும் அந்தத் தெருக்களில் பொழுதெல்லாம் அலைந்து, அதே மாடல் டேங்க்கையும் அதற்கு ஜோடியான மூடியையும் பிடித்துவிட்டார். பஸ்ஸில் அதை மேலே ஏற்ற விடவில்லை. துண்டைப் போர்த்தி ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் இவர் உட்கார்ந்துகொண்டார். உள்ளே தங்கியிருந்த பழைய டீசல் நாற்றத்தில், செஞ்சி வருவதற்குள் பின் சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வாந்தி எடுத்தார்கள் என்று அதே பஸ்ஸில் வந்த எங்கள் சந்து டீச்சர் சொன்னாள். தசரதன் மட்டும் முகம் மலர வந்திருக்கிறார்.

அந்த டேங்க்தான் பூஜை அறையில் உட்கார்ந்தது. மூடிக்குத் தனியாகப் பொட்டு. மறுநாள் வண்டியில் மாட்டினார்கள்.

மாட்டிய கையோடு சாவுச் செய்தி வந்தது. கீழ்பென்னாத்தூரில் தசரதனின் சித்தப்பா மகன் சின்னசாமி போய்விட்டார். பங்காளி சாவு. இருவரும் புது டேங்க்கோடு கிளம்பினார்கள். பாதி வழியில் வண்டி நின்றது. "புது எடம், டேங்க்குக்குப் பழகணும்ல?" என்று தசரதன் சொன்னாராம். திரௌபதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாளாம். சாவுக்குப் போகும் நேரத்தில் சிரிக்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டிருப்பாள்.

எடுத்துவிட்டுத் திரும்பி வந்ததும், சாவு வீட்டுக்குப் போய் வந்த வண்டி என்று திரௌபதி வாசலில் நிறுத்தி, தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்துத் தலையோடு கால் கழுவினாள். பொட்டெல்லாம் கரைந்து சாக்கடையில் மஞ்சளும் சிவப்புமாக ஓடியது. காரியம் முடியும் வரை பங்காளிகளுக்குத் தீட்டு. கோயில் இல்லை, விளக்கில்லை, வெள்ளிக்கிழமை இல்லை. வண்டிக்குப் பொட்டும் இல்லை.

அந்தத் தீட்டு முழுக்க வண்டி ஓடியது பாருங்கள்! சாமியானாப் பந்தல், வாடகை நாற்காலி, காரியத்துக்கு அரிசி மூட்டை என்று கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் ஓயாமல் போய் வந்தது. ஒரு இருமல் இல்லை, தும்மல் இல்லை. தசரதனுக்குத் தலை கால் புரியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களை வண்டிக்குப் பக்கத்தில் கூட்டிப் போய், "ஒரிஜினல் டேங்க், ஒரிஜினல் மூடி. புதுப்பேட்டை. நம்ம ஊரு பாய் கடை மாதிரி இல்ல" என்று தட்டிக் காட்டினார். செத்துப்போன சின்னசாமியைப் பற்றி யாரும் அவ்வளவு நேரம் பேசவில்லை.

காரியம் முடிந்து வீடு கழுவிய மறுநாள் சித்ரா பௌர்ணமி. விட்டுப்போன வெள்ளிக்கிழமைகளுக்கெல்லாம் சேர்த்து தசரதன் ஒரே பூஜையாகப் போட்டார். அன்று மூடிக்கு வைத்த சந்தனத்தை ஒரு மாப்பிள்ளைக்கு மார்பு முழுக்கப் பூசியிருக்கலாம். சகாதேவன் கண் படக்கூடாது என்று அதன் மேல் ஒரு கறுப்புப் பொட்டு வேறு.

பிற்பகலில் மில்லிலிருந்து புளிசாதம், சாம்பார் சாதம், தயிர்சாதம் என்று மூன்று அண்டாக்களை ஏற்றினார்கள். பரிமாற ஆள் வேண்டும் என்று திரௌபதி ஏறினாள். அவளுக்குத் துணையாக நான். சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன் என்று சந்தில் பேசினார்கள், பேசட்டும். கிரிவலக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தது. தசரதன் ஹாரனில் கை வைத்தபடியே ஓட்டினார். நிருதி லிங்கம் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டி இருமியது. நின்றது.

பம்ப்பை அடித்தார். கிளம்பவில்லை. இன்னும் அடித்தார். மூடியைத் திறந்து பார்க்கலாம்தான். ஆனால் போன பௌர்ணமிக்கு அதே இடத்தில் எட்டிப் பார்த்து ஊர் சிரித்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூடி பக்கமே போகவில்லை.

அதற்குள் பின்னால் ஒரு லோடு வண்டி வந்து நின்றது. சகாதேவன். எதேச்சையாக வந்தானாம். சித்ரா பௌர்ணமியன்று காலி வண்டியைக் கிரிவலப் பாதையில் எதேச்சையாக யார் ஓட்டி வருவார்கள்?

"இன்னா மாமா, சாமி கும்பிட நிறுத்தினீங்களா?"

"போடா. டேங்க் புதுசு. செட்டாவுது."

"தயிர்சாதமும் செட்டாவுது மாமா. இந்த வெயிலுக்குப் புளிச்சிடும். அண்டாவை இந்தாண்ட எறக்குங்க."

"என் வண்டியில ஏறின சோறு என் வண்டியிலேர்ந்துதான்டா எறங்கும்!"

"எறங்கும் மாமா. வைகாசி பௌர்ணமிக்கு எறங்கும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தசரதனின் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, கொஞ்ச நேரத்துக்கு. "இங்கியே கற்பூரம் ஏத்தறேன். கெளம்புதா இல்லியா பாருடா" என்று மடியில் இருந்த கற்பூரத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போனார்.

திரௌபதி அண்டாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, தீட்டுல ஒரு தபாவாவது நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? அதான் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சாரே."

"அப்ப இருந்து இப்ப இன்னா மாறுச்சு?"

"ஒண்ணும் மாறலையே. அதே டேங்க், அதே மூடி. டிரைவரும் அதே டிரைவர்தான், என்ன பண்றது."

"பொட்டு இல்லக்கா அப்போ."

சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். மூடி அருகில் குனிந்தாள். நானும் இறங்கினேன், இறங்காமல் எப்படி? "கழுவும்போது பாத்தேன்க்கா. மூடி நடுவுல கடுகாட்டம் ஒரு ஓட்டை இருக்கும். பழைய மூடியிலயும் இருந்துச்சு. காத்து உள்ள போறதுக்கு வெச்சிருப்பான், இல்லன்னா டீசல் எப்டி வெளிய வரும்? இந்த மனுசன் அது மேலயே சந்தனத்தை அப்பி அப்பி..." பொட்டின் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பப் பார்த்தாள்.

முன்பக்கமிருந்து சத்தம் வந்தது. "ஏய்! பொட்டு மேல கை வெக்காத! பௌர்ணமியும் அதுவுமா, மலை பாத்துனு இருக்கு!"

கையை எடுத்துவிட்டாள். தசரதன் மலையைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக் கற்பூரம் காட்டினார். சகாதேவன் கைகட்டிக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றான். திரௌபதி தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தாள். ஊசியைப் பிரித்து, குங்குமத்துக்கு நேர் நடுவில் வைத்துக் குத்தினாள், திருகினாள், இன்னும் அழுத்தினாள்.

'உஸ்ஸ்ஸ்.'

மெலிசாக, நீளமாக, அந்தச் சத்தம் நின்ற பாடில்லை. குத்தியதில் உதிர்ந்த குங்குமப் பொடி ஓட்டைக்குள் இழுபட்டுப் போனதை நான் பார்த்தேன். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று மூடி, ஒரு மிதவை, ஒரு குழாய், புதுப்பேட்டை வரை போய் வந்த ஒரு டேங்க். எல்லாம் இந்தக் கடுகு ஓட்டைக்கு. திரௌபதி ஊக்கைத் துடைத்துத் தாலிக்கயிற்றில் திரும்ப மாட்டினாள்.

தசரதன் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு வந்து பம்ப்பை நாலு அடி அடித்து, சாவியைத் திருகினார். வண்டி கிளம்பியது.

"பாத்தியாடா!" என்று சகாதேவனைப் பார்த்துக் கத்தினார். "தெய்வத்துக்கு முன்னால உன் பொறாமை எடுபடுமா?"

அடி அண்ணாமலை வரை வண்டி வழியில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தயிர்சாதம் புளிக்கவில்லை. அப்பாசாமி பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார். கடைசி வரி தப்பித்தது. சகாதேவன் எங்கள் பின்னாலேயே வந்து, வரிசையில் உட்கார்ந்து, அக்கா கையால் புளிசாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் தசரதனைப் பிடிக்க முடியவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது டீக்கடையில் மாட்டினால் போதும், "மொதல்ல டேங்க்கை மாத்துங்க. புதுப்பேட்டை ஒரிஜினல்தான் வாங்கணும். வாங்கினதும் பூஜை போடணும்" என்று ஆரம்பித்துவிடுவார். நம்பி மெட்ராஸ் போய் வந்தவர்களும் இருக்கிறார்கள். 'நீயாவது சொல்லக் கூடாதா?' என்று திரௌபதியிடம் நான் கேட்டதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்: பொட்டை ஊக்கால் குத்தியவள் என்ற பட்டம்தான் மிஞ்சும். அடுத்து வரும் பஞ்சருக்கெல்லாம் அவள்தான் காரணம் ஆவாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் தசரதன் பூஜை முடித்து இட்லி சாப்பிட உள்ளே போவார். திரௌபதி துடைப்பத்தோடு வெளியே வருவாள். சந்தின் இரண்டு பக்கமும் பார்ப்பாள். தாலிக்கயிற்றைத் தடவுவாள். ஒரு குத்து. அப்புறம் நிதானமாக வாசல் பெருக்குவாள். இந்த விஷயத்தை நான் வெளியில் சொல்லவில்லை. சாயிரா பானுவிடம் சொன்னேன், அவள் வீட்டுக்காரர் மேல் பழி விழுந்திருக்கிறதே என்று. டீச்சரிடம் சொன்னேன், படித்தவள். மற்றபடி பக்கத்து வீடுகளுக்குத் தானாகத் தெரிந்துவிட்டது. மதார் சாகிப் அந்த மூன்று மூடிகளையும் சுரண்டித் துடைத்து, மூன்று பேருக்கு விற்றுவிட்டார். மூன்று வண்டியும் ஓடுகிறது.

போன வெள்ளிக்கிழமை கொஞ்சம் தடங்கல். தசரதன் இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு ஏதோ எடுக்க வெளியே வந்தார். மூடியைப் பார்த்தார். குனிந்து உற்றுப் பார்த்தார்.

"ஏ திரௌபதி! இங்க வா! பொட்டு நடுவுல எறும்பு ஓட்டை போட்டிருக்கு பாரு."

அவள் வந்து பார்த்தாள். "ஆமாங்க. இந்த வருசம் எறும்பு ஜாஸ்தி."

"சந்தனத்துல சக்கரை கிக்கரை கலந்து விக்கிறானுங்களா?"

"இருக்கும்ங்க."

தசரதன் உள்ளே போய்ச் சந்தனம் கொண்டுவந்து ஓட்டையைப் பக்குவமாக அடைத்தார். பிறகு கடைக்குப் போய் எறும்புக்குப் போடும் சாக்பீஸ் ஒரு டப்பா வாங்கிவந்து, வண்டியைச் சுற்றி ஒரு கோடு, டேங்க்கைச் சுற்றி ஒரு கோடு, மூடியைச் சுற்றி ஒரு கோடு என்று தவழ்ந்து தவழ்ந்து போட்டார். வேலை முடிந்து நிமிர்ந்தவர், ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் சாமானைக் காப்பாத்தறதுக்குள்ள உசுரு போவுதுங்க" என்றார்.

"பின்னே? இந்தக் காலத்துல எங்கே கெடைக்குது?" என்றேன் நான்.

திரௌபதி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்கு வந்தாள்.